சிறு மேகத்தைப் பதிந்துவைத்த அறிஞர் அப்துர் ரஹ்மான் ஸூஃபி

ஹிஜ்ரி 291ஆம் ஆண்டு முஹர்ரம் பிறை 14. ஆங்கிலக் கணக்கில் 903 டிசம்பர் 7. அன்றுதான் ஈரான் நாட்டு ரய்யு நகரில் உமர் என்பாரின் மகனாக அப்துர் ரஹ்மான் பிறந்தார்கள். இன்றைய தெஹ்ரானை ஒட்டியுள்ள பழைய ஊர் அது. மருத்துவ மேதை அபூபக்கர் ராஸி அவர்களும் அவ்வூர்க்காரரே. அபுல் ஹுஸைன் அப்துர் ரஹ்மான் இப்னு உமர் அஸ்ஸூஃபி அர்ராஸி என்பது இவர்களுடைய முழுப்பெயர். ஸூஃபி என்று கேட்டதும் தரீக்காவும் திக்ரு மஜ்லிஸும் நம் நினைவுக்கு வரும். ஆனால் சரித்திரம் இவர்களை அறிந்திருப்பது வானநூல் வல்லுநர் என்றே.

மீலாது மேடைகளில் இவர்கள் பெயர் இப்போது அடிக்கடி அடிபடுகிறது. ஆண்ட்ரோமிடா என்னும் மாபெரும் விண்மீன் மண்டலத்தை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கண்டுபிடித்த முஸ்லிம் அறிஞர் என்று பேச்சாளர்கள் முழங்குகிறார்கள். கேட்கும் வாலிபர்கள் பூரித்துப் போகிறார்கள். மறுநாள் கல்லூரியில் பௌதிகம் படிக்கும் தோழர் ஒருவர், நம் பால்வீதிக்கு வெளியே வேறு விண்மீன் மண்டலங்கள் உண்டு என்பதே 1920களில்தானே உறுதியாயிற்று, பத்தாம் நூற்றாண்டு மனிதர் எப்படி அதைக் கண்டுபிடித்திருப்பார் என்று கேட்டுவிட்டால், அந்த வாலிபர் பதில் தெரியாமல் விழிக்கிறார். கேள்வி நியாயமானதுதான். ஸூஃபி அவர்கள் எதைச் செய்தார்கள், எதைச் செய்யவில்லை என்பதைச் சரியாக அறிந்துகொள்வதால் அவர்களுடைய மதிப்பு குறைந்துவிடாது. நாம் பார்த்தவரையில் அது கூடத்தான் செய்கிறது. அதற்காகவே இவ்வரலாற்றை எழுத முற்பட்டோம்.

அப்பாஸிய கலீஃபாக்களின் அதிகாரம் பக்தாதில் தளர்ந்து, ஈரானிலும் இராக்கிலும் புவைஹிகள் என்ற அரச குடும்பத்தார் ஆட்சி செலுத்திய காலம் அது. அவர்களுடைய அமைச்சர்களில் இப்னுல் அமீது என்பவர் கல்வியை நேசித்தவர். ஸூஃபி அவர்கள் ஹிஜ்ரி 335இல் அவருடன் தீனவர் என்னும் ஊருக்குச் சென்றார்கள். நட்சத்திரங்களைப் பற்றிய பழைய அரபிகளின் செய்திகளையெல்லாம் ஒரு நூலாகத் தொகுத்த அபூஹனீஃபா தீனவரி வாழ்ந்த ஊர் அது. (மத்ஹபு இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் வேறு, இவர் வேறு.) தீனவரி மறைந்து அரை நூற்றாண்டு கடந்திருந்தது. அத்துறையில் அவர் நூலே நிறைவானது என்று மதித்த ஸூஃபி அவர்கள், அவர் பார்த்து எழுதியது எது, பிறர் சொல்லக் கேட்டு எழுதியது எது என்று பிரித்துப் பார்க்கவும் தவறவில்லை.

அக்காலத்தில் நட்சத்திரங்களைப் பற்றிப் பேசியவர்கள் இரு வகையினர். ஒரு சாரார் அலெக்ஸாந்திரியாவில் வாழ்ந்த தாலமியின் வழி வந்தவர்கள். கி.பி. 150ஐ ஒட்டி அவர் எழுதிய நூலில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நட்சத்திரங்களின் அட்டவணை இருந்தது. அதை வைத்து உலோக உருண்டைகளில் நட்சத்திரங்களைக் குறித்து விற்றார்கள். அந்த உருண்டைகளைப் பார்த்து வேறு உருண்டைகள் செய்தார்கள். ஒருவர் செய்த பிழை அடுத்தவருக்குப் பாடமாயிற்று. மற்றொரு சாரார் பாலைவன அரபிகளின் மரபைப் பின்பற்றியவர்கள். எந்த நட்சத்திரம் விடியலில் உதித்தால் மழை வரும், எது மறைந்தால் வெயில் தணியும் என்பதும், ஒவ்வொன்றின் அரபுப் பெயரும் அவர்களுக்கு மனப்பாடம். ஆனால் அந்தப் பெயருக்குரிய நட்சத்திரம் எது என்று வானத்தைக் காட்டிக் கேட்டால் பலரால் விரலை நீட்ட முடியவில்லை. உருண்டை செய்து பெயர் வாங்கியவர்களே வானத்தில் பிரகாசமான நட்சத்திரத்தை மாற்றிச் சொன்னதைத் தம் காதால் கேட்டதாக ஸூஃபி அவர்கள் நூலின் முன்னுரையில் மனம் நொந்து எழுதுகிறார்கள். வித்தையைக் கற்றவர் புத்தகத்தைப் பார்க்கிறார், வானத்தைப் பார்ப்பதில்லை என்பதே அவர்களுடைய குறை.

இந்தக் குறையைப் போக்க அவர்களுக்கு ஓர் ஆதரவாளர் கிடைத்தார். புவைஹி மன்னர் அளுதுத்தவ்லா அவர்களைவிட 33 வயது இளையவர். ஷீராஸைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட அம்மன்னர் ஸூஃபி அவர்களிடம் நட்சத்திரப் பாடம் படித்தார். இலக்கணத்தில் என் ஆசிரியர் அபூஅலீ ஃபாரிஸீ, நட்சத்திரங்களில் என் ஆசிரியர் ஸூஃபி என்று பெருமை பேசுவது மன்னரின் வழக்கம் என்று வரலாற்றாசிரியர்கள் குறித்துள்ளார்கள். அரியணையில் இருப்பவர் தம் உஸ்தாதின் பெயரைச் சொல்லிப் பெருமைப்படுவது எல்லாக் காலத்திலும் காணக்கூடியதன்று. மன்னருக்காக ஸூஃபி அவர்கள் வெள்ளியில் வான உருண்டை ஒன்று செய்தார்கள். அதன் எடை 3000 திர்ஹம். பிற்காலத்தில் அது 3000 தீனாருக்கு விலை போய், ஹிஜ்ரி 435இல் காஹிரா நூலகத்தில் இருந்ததைக் கண்டவர் சொல்லியிருக்கிறார்.

மன்னருக்கென்றே எழுதப்பட்ட நூல்தான் கிதாபு ஸுவரில் கவாகிபிஸ் ஸாபிதா. நிலையான நட்சத்திரங்களின் உருவங்களைப் பற்றிய நூல் என்பது அதன் பொருள். ஹிஜ்ரி 353, அதாவது 964ஐ ஒட்டி முடிந்தது. அப்போது ஸூஃபி அவர்களின் வயது அறுபதைத் தொட்டிருந்தது. பழைய கணக்குப்படி வானத்திலுள்ள 48 நட்சத்திர உருவங்களையும் ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறார்கள். ஒவ்வோர் உருவத்துக்கும் இரண்டு படங்கள். ஒன்று, தரையில் நிற்பவர் அண்ணாந்து பார்த்தால் தெரியும் தோற்றம். மற்றொன்று, உலோக உருண்டையின் மேற்புறத்தில் வரைந்தால் தெரியும் தோற்றம். உருண்டையில் வலம் இடமாக மாறிவிடும் அல்லவா? கண்ணாடியில் பார்ப்பதுபோல. படிப்பவர் குழம்பக் கூடாது என்று இரண்டையும் தந்தார்கள். நல்ல ஆசிரியர் என்பதற்கு இது ஒன்றே போதும்.

நட்சத்திரங்களின் இடங்களை அவர்கள் ஒவ்வொன்றாகப் புதிதாக அளக்கவில்லை. தாலமியின் கணக்கை எடுத்து, இடையிலே கழிந்த நூற்றாண்டுகளில் வானம் நகர்ந்த அளவுக்கு 12 டிகிரி 42 நிமிடம் கூட்டிக்கொண்டார்கள். தாலமி 100 ஆண்டுக்கு 1 டிகிரி என்று சொன்ன நகர்வை முஸ்லிம் வானியலார் 66 ஆண்டுக்கு 1 டிகிரி என்று திருத்தியிருந்தார்கள். இன்றைய அளவு சுமார் 72 ஆண்டு. அதே சமயம், ஒவ்வொரு நட்சத்திரமும் எவ்வளவு வெளிச்சமாகத் தெரிகிறது என்பதை மட்டும் அவர்கள் யாரிடமிருந்தும் கடன் வாங்கவில்லை. தம் கண்ணாலேயே பார்த்து எழுதினார்கள். அவர்களுடைய வாழ்க்கைப் பணி இதுதான் என்று சொல்லலாம்.

கிரேக்கர்கள் வெளிச்சத்தை ஆறு படிகளாகப் பிரித்திருந்தனர். மிகப் பிரகாசமானவை முதல் படி. கண்ணுக்கு அரும்பாடுபட்டுத் தெரிபவை ஆறாம் படி. ஸூஃபி அவர்கள் அதே ஆறு படிகளை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு படிக்குள்ளும் சற்றுப் பெரியது, சற்றுச் சிறியது என்று நுணுக்கம் சேர்த்தார்கள். தாலமி மூன்றாம் படி என்றதைத் தம் கண்ணுக்கு நான்காகத் தெரிந்தால் நான்கு என்றே எழுதினார்கள். தாலமி சொன்ன இடத்தில் நட்சத்திரமே இல்லையென்றால் இல்லை என்றார்கள். தாலமி விட்டுவிட்ட நட்சத்திரம் கண்ணில் பட்டால் அதையும் சொன்னார்கள். ஷிஃரா என்னும் வானத்தின் மிகப் பிரகாசமான நட்சத்திரத்தைத் தாலமி செந்நிறம் என்று எழுதியிருந்தார். செந்நிற நட்சத்திரங்களை அங்கங்கே சுட்டிக்காட்டும் ஸூஃபி அவர்கள், ஷிஃராவைச் சிவப்பு என்று சொல்லவில்லை. நீங்களும் மார்கழி இரவில் பார்க்கலாம். அது வெண்மையாகவே மின்னுகிறது.

எண்ணூறு ஆண்டுக்கால மதிப்புடைய நூல் ஒரு பக்கம், தம் கண் ஒரு பக்கம். நூலை மதித்தார்கள், ஆனால் சாட்சி சொல்லும்போது கண்டதையே சொன்னார்கள். நம் ஜமாஅத்தில் ரமளான் பிறைக்குச் சாட்சி சொல்ல வருபவரை எண்ணிப் பாருங்கள். காலண்டரில் இன்று பிறை என்று போட்டிருக்கிறது, ஆகவே பார்த்திருப்பேன் என்று ஒருவர் சொன்னால் ஹஜ்ரத் ஏற்பாரா? எந்தத் திசையில், எவ்வளவு உயரத்தில், கொம்புகள் எப்பக்கம் என்று விசாரிப்பார். பார்த்தவர் பார்த்ததற்குமேல் ஒரு வார்த்தை கூட்டக் கூடாது, குறைக்கவும் கூடாது. ஸூஃபி அவர்களின் நூல் முழுவதும் ஆயிரம் நட்சத்திரங்களுக்கு அவர்கள் சொன்ன பிறைச் சாட்சி போலவே நமக்குப் படுகிறது.

இனி அந்தச் சிறு மேகத்துக்கு வருவோம். சங்கிலியிட்ட பெண் என்று அரபியில் அழைக்கப்படும் ஆண்ட்ரோமிடா உருவத்தை விவரிக்கும்போது, பழைய அரபிகள் அவ்விடத்தில் ஒரு பெரிய மீனைக் கற்பனை செய்திருந்ததையும் ஸூஃபி அவர்கள் சொல்கிறார்கள். அந்த மீனின் வாயருகே மேகம் போன்ற ஒரு தீற்றல் இருக்கிறது என்று குறிப்பிட்டு, படத்திலும் புள்ளிகளாகக் காட்டுகிறார்கள். லத்கா ஸஹாபிய்யா என்பது அவர்கள் ஆண்ட சொல். தாலமியின் அட்டவணையில் இது இல்லை. இன்று நமக்குக் கிடைத்துள்ள எழுத்துப் பதிவுகளில், பால்வீதிக்கு வெளியேயுள்ள அந்த மண்டலத்தைப் பற்றிய முதல் பதிவு இதுவே.

அது என்ன பொருள், எவ்வளவு தூரம் என்று அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தவறாகவே இருந்திருக்கும். தொலைநோக்கி பிறப்பதற்கு இன்னும் 600 ஆண்டுகளுக்கு மேல் இருந்தது. மேகம்போல் தெரிந்தது, மேகம்போல் தெரிகிறது என்று எழுதினார்கள். மேடையில் நாம் கூட்டிச் சொல்லும் வார்த்தைகள் அவர்களுடைய நூலில் இல்லை.

இன்னொரு செய்தியிலும் அவர்களுடைய பேணுதலைப் பார்க்கலாம். தென்வானில் ஸுஹைல் என்றொரு நட்சத்திரம் உண்டு. நம் ஊரில் அகத்திய நட்சத்திரம் என்பார்கள். அதற்கும் கீழே வெண்மையான சில இருப்பதாகவும், இராக்கிலும் நஜ்திலும் அவை தெரிவதில்லை என்றும், திஹாமா கரையோரத்து மக்கள் அவற்றைப் பசுக்கள் என்று அழைப்பதாகவும் சிலர் கூறுவதை நூலில் பதிந்தார்கள். ஸூஃபி அவர்கள் வாழ்ந்த ரய்யு, இஸ்ஃபஹான், ஷீராஸ் ஆகிய எந்த ஊரிலும் அந்தப் பகுதி வானம் தொடுவானத்துக்குமேல் எழுவதே இல்லை. ஆகவே தாலமி இதைச் சொல்லவில்லை என்று குறிப்பிட்டு, மெய்யென்றோ பொய்யென்றோ தீர்ப்புக் கூறாமல் நிறுத்திக்கொண்டார்கள். கேள்விப்பட்டதைக் கேள்விப்பட்டதாகவே அறிவிப்பது ஹதீஸ் கலை கண்ட சமுதாயத்துக்குப் புதிதன்று. மாஜெல்லன் மேகம் என்று இன்று அழைக்கப்படும் விண்மீன் மண்டலம்தான் அந்தப் பசுக்களில் அடங்கும் என்று பிற்கால ஆய்வாளர் பலர் கருதினார்கள். இதையும் ஸூஃபி அவர்களே கண்டுபிடித்ததாகச் சொல்வோர் அந்தப் பக்கத்தைப் படிக்கவில்லை.

ஷீராஸில் 969, 970 ஆண்டுகளில் பெரிய வளையக் கருவி ஒன்றைக் கொண்டு சூரியன் வடக்கிலும் தெற்கிலும் எட்டும் எல்லையை அளந்தார்கள். இதை அல்பிரூனி அவர்கள் தம் நூலில் எடுத்துக்காட்டுகிறார்கள். அஸ்தர்லாப் என்னும் கைக்கருவியைப் பற்றியும் விரிவாக எழுதினார்கள். தொழுகை வக்துகளையும் கிப்லாவையும் கணிக்கப் பள்ளிவாசல்களில் பல நூற்றாண்டு பயன்பட்ட கருவி அது. மாணவரான மன்னர் 983இல் இறந்தார். ஆசிரியர் மேலும் மூன்றாண்டு இருந்து, ஹிஜ்ரி 376 முஹர்ரம் பிறை 13இல், 986 மே 25ஆம் நாள், ஷீராஸில் வஃபாத்தானார்கள். பிறைக் கணக்கில் 85 வயது நிறைய ஒரே ஒரு நாள் குறைவு. இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன்.

அவர்கள் விட்டுச்சென்ற இரண்டு காரியங்களும், அதாவது வெளிச்சத்தைப் படியிட்டு அளப்பதும் அந்தச் சிறு மேகமும், பல நூற்றாண்டுக்குப் பின் ஒரே இடத்தில் வந்து சேர்ந்தன. அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

1612இல் ஜெர்மானியரான சைமன் மாரியஸ் தொலைநோக்கி வழியே மேகத்தைப் பார்த்தார். தொலைநோக்கியிலும் அது மேகமாகவே இருந்தது. 1764இல் பிரெஞ்சுக்காரர் மெஸ்ஸியே தம் பட்டியலில் 31ஆம் எண் கொடுத்தார். இது நம் பால்வீதிக்குள் கிடக்கும் வாயுத் திரளா, அல்லது வெகுதொலைவில் உள்ள தனி மண்டலமா என்ற வழக்கு தீரவே இல்லை. தூரம் தெரிந்தால் தீரும். தூரத்தை அறிய வெளிச்சத்தைக் கணக்காக அளக்க வேண்டும்.

அந்தக் கணக்குக்கு அடிகோலியவர் நம் சென்னையில் வாழ்ந்து மறைந்தவர். நார்மன் போக்ஸன் என்ற ஆங்கிலேயர் 1856இல், பழைய ஆறு படிகளுக்கு ஓர் எண் விதி வகுத்தார். முதல் படி நட்சத்திரம் ஆறாம் படியைவிட 100 மடங்கு வெளிச்சமுடையது என்று வைத்துக்கொண்டால், ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் 2.512 மடங்கு வித்தியாசம் வரும். ஸூஃபி அவர்களின் கண் படியிட்டதைப் போக்ஸன் எண்ணாக்கினார் எனலாம். 1861இல் அவர் நுங்கம்பாக்கத்தில் இருந்த சென்னை வானாராய்ச்சி நிலையத்துக்கு அரசு வானியலாராக வந்தார். 1891இல் இறக்கும்வரை 30 ஆண்டு அங்கேயே இருந்தார். உலகெங்கும் வானியலார் இன்றும் அவர் விதியையே கையாளுகிறார்கள்.

இப்போது தூரத்துக்கு வருவோம். ஒரு பெட்ரோமாக்ஸ் விளக்கு நம் முன் இருக்கிறது. அதை இரண்டு மடங்கு தூரம் தள்ளி வைத்தால் வெளிச்சம் பாதியாகாது, கால் பங்காகும். மூன்று மடங்கு தூரத்தில் ஒன்பதில் ஒரு பங்கு. ஆகவே அந்த விளக்கின் உண்மைச் சக்தி நமக்குத் தெரிந்திருந்தால், எவ்வளவு மங்கலாகத் தெரிகிறது என்பதைக் கொண்டே எவ்வளவு தூரம் என்று சொல்லிவிடலாம். வானத்தில் உள்ள சிக்கல், எது 40 வாட் பல்பு, எது 1000 வாட் பல்பு என்று தெரியாததுதான். அருகிலுள்ள சிறு விளக்கும் தொலைவிலுள்ள பெரு விளக்கும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும்.

இந்த முடிச்சை அவிழ்த்தவர் அமெரிக்காவின் ஹார்வர்டு நிலையத்தில் கணக்கு வேலை பார்த்த ஹென்ரியெட்டா லீவிட் என்ற பெண்மணி. காது சரியாகக் கேட்காதவர். ஸூஃபி அவர்களுடைய காலத்துத் திஹாமா மக்கள் கண்ட தென்வானத்தின் அந்த மாஜெல்லன் மேகங்களைப் புகைப்படத் தகடுகளில் ஆராய்ந்தார். சில நட்சத்திரங்கள் ஒழுங்கான தவணையில் கூடிக் குறைந்து ஒளிர்வதைப் பார்த்தார். சிறிய மேகத்திலுள்ள அத்தகைய 25 நட்சத்திரங்களைக் கொண்டு, தவணை நீளமாக இருந்தால் நட்சத்திரத்தின் வெளிச்சமும் அதிகம் என்று 1912இல் நிறுவினார். ஒரே மேகத்தில் இருப்பவை நமக்கு ஏறத்தாழ ஒரே தூரத்தில் இருப்பதால் இந்த ஒப்பீடு செல்லுபடியாயிற்று. ஸீஃபெயிட் எனப்படும் இவ்வகை நட்சத்திரங்கள், தம் வாட் அளவைத் தாமே நெற்றியில் எழுதி ஒட்டிய பல்புகளாகிவிட்டன. எத்தனை நாளுக்கொரு முறை கூடிக் குறைகிறது என்று எண்ணினால் போதும்.

1923 அக்டோபரில் கலிஃபோர்னியாவின் வில்ஸன் மலையில், 100 அங்குலத் தொலைநோக்கியால் ஆண்ட்ரோமிடா மேகத்தைப் படமெடுத்த எட்வின் ஹப்பிள், அதற்குள் அப்படிப்பட்ட ஒரு நட்சத்திரத்தைக் கண்டார். நம் கண்ணுக்குத் தெரியும் மிக மங்கலான நட்சத்திரத்தைவிட ஏறக்குறைய ஒரு லட்சம் மடங்கு மங்கல். ஆனால் அதன் தவணையோ 31 நாள். அப்படியானால் உண்மையில் அது சூரியனைப்போல் பல ஆயிரம் மடங்கு ஒளி வீசவேண்டும். அவ்வளவு பெரிய விளக்கு இவ்வளவு மங்கலாகத் தெரிய வேண்டுமானால் எங்கே இருக்கவேண்டும்? கணக்குப் போட்டார், ஒன்பது லட்சம் ஒளியாண்டுக்கு மேல் வந்தது. ஒளி ஓராண்டில் செல்லும் தூரமே ஓர் ஒளியாண்டு. நம் பால்வீதியின் குறுக்களவே சுமார் ஒரு லட்சம் ஒளியாண்டுதான். ஆக, அந்த மேகம் நம் மண்டலத்துக்கு வெளியே உள்ள வேறொரு மண்டலம் என்பது 1925இன் தொடக்கத்தில் உலகுக்கு அறிவிக்கப்பட்டது.

ஹப்பிளின் கணக்கும் முடிந்த கணக்காக இருக்கவில்லை. ஸீஃபெயிட்களில் இரண்டு இனம் உண்டு, இரண்டையும் ஒரே அளவுகோலால் அளந்துவிட்டார்கள் என்று 1952இல் வால்ட்டர் பாடே எடுத்துக்காட்டியதும் தூரம் ஒரே நாளில் இரு மடங்காயிற்று. இன்றைய அளவு சுமார் 25 லட்சம் ஒளியாண்டு. வழியிலுள்ள தூசு வெளிச்சத்தைக் குறைத்துவிடும், அதற்கும் கழிவு கொடுக்கவேண்டும். அதைவிடத் தொலைவிலுள்ள மண்டலங்களில் தனி நட்சத்திரம் தெரியாது. அங்கே ஒருவகை நட்சத்திரம் வெடித்துச் சிதறும்போது எழும் பேரொளியை விளக்காகக் கொள்கிறார்கள். இன்னும் தொலைவு என்றால் ஒளி சிவப்புப் பக்கம் நகர்ந்திருக்கும் அளவைப் பார்க்கிறார்கள். ஒவ்வொரு படியும் முந்திய படியின்மேல் நிற்கும் ஏணி அது. அடிப்படியில் பிழை என்றால் மேற்படிகள் எல்லாம் அசையும். நம் தமிழ்நாட்டிலேயே ஜவ்வாது மலைக் காவலூரில் 1986 ஜனவரியில் திறக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கியும் இப்படிப்பட்ட ஒளி அளவைகளுக்குப் பயன்படுவதே.

விண்மீன் மண்டலத்தின் வெளிச்சத்தை அளப்பதில் இன்னொரு சங்கடம் உண்டு. நட்சத்திரம் ஒரு புள்ளி, மண்டலமோ பரந்து கிடக்கும் தீற்றல். ஆண்ட்ரோமிடாவின் முழு ஒளியையும் கூட்டினால் படிக்கணக்கில் 3.4 வருகிறது. அந்தப் படியில் உள்ள நட்சத்திரம் எளிதாகத் தெரியும். ஆனால் இந்த ஒளி, முழுநிலவுகள் பலவற்றை வரிசையாக வைத்த அகலத்துக்குப் பரவிக் கிடப்பதால் நெய் தடவிய கறைபோல மங்கித் தெரிகிறது. ஒரு படி எண்ணெயை ஒரு கிண்ணத்தில் ஊற்றுவதற்கும் ஒரு பாயின்மேல் ஊற்றுவதற்கும் உள்ள வித்தியாசம்தான். மின்விளக்கில்லாத ஈரான் இரவிலும் அதைக் கவனிக்கப் பழகிய கண் வேண்டியிருந்தது. ஸூஃபி அவர்கள் நட்சத்திரம் என்று எழுதாமல் தீற்றல் என்று எழுதியதன் அருமை இங்கேதான் விளங்குகிறது. புள்ளிக்கும் பரப்புக்கும் உள்ள வேறுபாட்டை அந்தக் கண் விட்டுவிடவில்லை.

நூலும் சும்மா இருக்கவில்லை. ஹிஜ்ரி 400இல் எழுதப்பட்ட அழகிய படி ஒன்று ஆக்ஸ்ஃபோர்டில் இருக்கிறது. ஸூஃபி அவர்களின் மகனாரே எழுதி வரைந்தது என்று நெடுங்காலமாகக் கூறப்பட்டுவந்த படி அது. நஸீருத்தீன் தூஸி அவர்கள் 13ஆம் நூற்றாண்டில் பாரசீகத்தில் மொழிபெயர்த்தார்கள். ஸமர்கந்தின் அரசர் உலூக் பேக் 1437இல் தம் அட்டவணையை வெளியிட்டபோது, தம் ஊரில் தெரியாத தென்திசை நட்சத்திரங்களுக்கு ஸூஃபி அவர்களின் நூலையே நம்பினார். ஐரோப்பியர் அஸோஃபி என்று பெயரைத் திரித்து வழங்கி, நிலவின் பள்ளம் ஒன்றுக்கும் அதையே சூட்டினர். 1874இல் ஷெலரப் என்பவரின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பு ரஷ்யத் தலைநகரில் அச்சாயிற்று. அரபு மூலத்தை 1954இல் அச்சிட்டு வெளியிட்ட பெருமை நம் ஹைதராபாத் தாயிரத்துல் மஆரிஃபுக்கு உரியது.

அந்தத் தீற்றலை நம் வாசகர்களும் பார்க்கலாம். செஞ்சிக் கோட்டை மலைகளுக்கு அருகே அனந்தபுரத்தில் இருந்து இதை எழுதும் நாம், நவம்பர் நடுவில் இரவு 9 மணிக்கும், டிசம்பரில் இஷா தொழுது வெளியே வந்ததும் பார்ப்பது வழக்கம். நிலவில்லாத நாளாக, தெருவிளக்கு கண்ணில் படாத வயற்புறமாக இருக்கவேண்டும். தலைக்கு நேர் மேலே, சற்று மேற்கே சாய்ந்து, கட்டில் கால்களைப்போல நான்கு நட்சத்திரங்கள் பெரிய சதுரமாகத் தெரியும். அதன் வடகிழக்கு மூலையிலிருந்து வடகிழக்காக ஒரு வரிசை செல்லும். அதில் இரண்டாவது பெரிய நட்சத்திரத்தில் நின்று, வடமேற்கே இரண்டு சிறு நட்சத்திரங்களைக் கடந்தால் தீற்றல் வந்துவிடும். நேராக உற்றுப் பார்த்தால் மறைந்துவிடும். பார்வையைச் சற்று ஓரமாக வைத்தால் புலப்படும். இருட்டில் கால்மணி நேரமாவது கண்ணைப் பழக்காமல் தேடிப் பயனில்லை.

திஹாமா மக்களின் பசுக்களோ ஸூஃபி அவர்களுக்கு வாய்க்காமல் நமக்கு வாய்த்தது. செஞ்சி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 12 டிகிரி 15 நிமிடத்தில் இருக்கிறது. யமன் நாட்டின் தென்கோடியில் கப்பல்கள் செங்கடலுக்குள் நுழையும் பாபுல் மந்தப் கணவாயும் ஏறக்குறைய அதே நேர்கோட்டில்தான் உள்ளது. ஜனவரி இறுதியில் இரவு 9 மணிக்கு ஸுஹைல் தென்கிழக்கில் நன்கு உயர்ந்துவிடும். அதற்குக் கீழே, தெற்குத் தொடுவானுக்கு 8 டிகிரி மேலே, நீட்டிய கையின் முஷ்டியளவுகூட வராத உயரத்தில் பெரிய மாஜெல்லன் மேகம் இருக்கிறது. அவ்வளவு தாழ்வில் புழுதியும் பனிமூட்டமும் அதை விழுங்கிவிடும். மழை ஓய்ந்து வடகாற்று வீசும் தெளிவான இரவில், தெற்கே குன்றும் தோப்பும் மறைக்காத இடத்திலிருந்து முயன்று பார்க்கலாம். பார்த்தவர்கள், எந்தத் தேதி, எத்தனை மணி, எந்த இடம், எப்படித் தெரிந்தது என்று எழுதியனுப்பினால் அடுத்த இதழ்களில் வெளியிடுவோம். தெரியவில்லை என்றாலும் எழுதுங்கள்.